அடி உதவுகிற மாதிரி: கை இம்பாக்ட் டிரைவர், இரண்டு வருஷம் அடித்த பிறகு

ஒரு திருகின் தலைக் குழியை வழித்து நானே மொட்டை போட்ட பிறகுதான் இந்தக் கருவியை வாங்கினேன். வரிசை தலைகீழ். கருவி முதலில் வந்திருந்தால் மொட்டை விழுந்திருக்காது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிச்சமாகியிருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

சொல்ல வந்தது கை இம்பாக்ட் டிரைவரைப் பற்றி. பேட்டரியில் ஓடி ‘டர்ர்ர்’ என்று காதைத் துளைக்குமே, அது இல்லை. இது ஒரு சாணுக்கும் குறைவான, கனத்த இரும்பு உருளை. ஒரு முனையில் பிட்டை, அதாவது திருகின் குழியில் உட்காரும் நுனித் துண்டை, செருக வேண்டும், மறுமுனையில் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. முதல் தடவை பார்ப்பவர்கள் தண்ணீர்க் குழாய்ச் சாமான் என்றுதான் நினைப்பார்கள்.

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. வீட்டில் ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டுக்கும் சனி ஞாயிறு டாக்டர் நான்தான். இந்த இரண்டு வருஷத்தில் இருபது திருகுகளாவது இதனிடம் அடி வாங்கியிருக்கும். பெட்டி மேல் இருந்த பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்தவரை இதே அமைப்பில் பல பெயர்களில் வருகிறது, குறையும் நிறையும் பெரும்பாலும் ஒன்றேதான்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே உருளை, ஸ்டார் பிட் இரண்டு (2-ஆம் நம்பர், 3-ஆம் நம்பர்), பட்டை பிட் இரண்டு, பிட்டைப் பிடிக்கும் ஒரு அடாப்டர். அடாப்டரைக் கழற்றிவிட்டால் அரை அங்குலச் சதுர முனை தெரியும். அதில் சாக்கெட்டும் போடலாம். தகரப் பெட்டியின் கீல் இரண்டாவது மாசமே கழன்றுவிட்டது. அதற்காக மார்க் குறைக்க மாட்டேன், இப்போது எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பிரித்தே பார்த்துவிட்டேன். ஒரு கம்பி வளையத்தை நெம்பினால் உள்ளிருப்பது மொத்தமும் வெளியே வந்துவிடும். நடுத்தண்டு, ஒரு தடித்த ஸ்பிரிங், பிறகு சரிவாக வெட்டிய பள்ளங்கள். மாடிப்படி சுழன்று ஏறுகிற மாதிரி அந்தப் பள்ளம் வளைந்து இறங்குகிறது. மேலே அடி விழுந்ததும் உருளை கீழே இறங்கும். இறங்கும்போது பள்ளத்தின் சரிவில் தண்டு வழுக்கி ஒரு துளி திரும்பும். கால் வட்டம்கூட இல்லை, அதற்கும் ரொம்பக் குறைவு. அடி நின்றதும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

கவனிக்க வேண்டிய விஷயம் திருப்புவது மட்டும் அல்ல. அடித்த அதே கணத்தில் பிட் திருகின் குழிக்குள் அமுக்கப்படுகிறது. ஸ்டார் திருகின் குழியைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் சுவர்கள் நெட்டுக்குத்தாக இருக்காது, உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் நாம் திருப்பும் விசையில் ஒரு பங்கு டிரைவரை வெளியே எக்கித் தள்ளும். எவ்வளவு பலமாகத் திருப்புகிறோமோ அவ்வளவு பலமாக வெளியே வரும். வெளியே வரும்போது குழியின் நான்கு விளிம்பையும் சீவிக்கொண்டு வரும். மொட்டை விழுவது இப்படித்தான். கையால் எவ்வளவு அமுக்கினாலும் ஒரு கிலோ சுத்தியலின் அடிக்கு ஈடாகாது. அடித்துக்கொண்டே திருப்பினால் டிரைவர் வெளியே வர வழியே இல்லை. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பதை எந்த மெக்கானிக் சொன்னானோ.

இது முதலில் ஜெயித்த வேலை, காரின் முன் சக்கர பிரேக் டிஸ்க். சில கார்களில் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) சேர்த்து 6 மி.மீ. ஸ்டார் திருகு இரண்டு பிடித்திருக்கும், தலை உள்ளே புதைந்து மட்டமாக இருக்கும். உண்மையில் அந்தத் திருகுகளுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது சக்கர நட்டுகள்தான். சக்கரத்தைக் கழற்றியிருக்கும் நேரத்தில் டிஸ்க் காலில் விழாமல் இருக்கத்தான் இந்த இரண்டும். சர்வீஸ் மேனுவலில் 9.8 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. சின்னப் பிள்ளை இறுக்குகிற இறுக்கம்.

ஆனால் அதற்கு மேல் பத்து வருஷ மழைத் தண்ணீர், பத்து வருஷ பிரேக் சூடு. இரும்பு துருவாகும்போது தான் இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைக்கு நடுவில் அந்த இடம் எங்கே இருக்கிறது? இருக்கிற சந்தில் தன்னைத்தானே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். போதாததற்குக் கூம்பு வடிவத் தலை. டிஸ்க்கின் கூம்புக் குழியோடு சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

என் மகள் டார்ச் பிடித்தாள். நான் முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருந்தேன். 3-ஆம் நம்பர் பிட்டைச் செருகி, உருளையை இடது கையால் பிடித்து, அடித்தேன். அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. நான் என்ன சாமான்யப்பட்டவனா, பத்துப் பன்னிரண்டு அடி போட்டுவிட்டேன். கை மரத்துப்போனது.

“அப்பா, இதுல அம்புக்குறி ஏதோ போட்டிருக்கே. எந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கீங்க?”

“எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நீ லைட்டை ஆட்டாம பிடி.”

“இல்லப்பா, ‘ஆர்’னு எழுதின பக்கம்ல நிக்குது. ரைட்டுனா இறுக்குற பக்கம்தானே?”

இறுக்குகிற பக்கம்தான். ஏற்கெனவே பிடிவாதமாக இருந்த திருகைப் பன்னிரண்டு அடி அடித்து இன்னும் இறுக்கியிருக்கிறேன். உருளையின் தலைப்பகுதியைத் திருகினால் திசை மாறும். அந்த எழுத்துகள் ஒரு பருக்கை அளவு, அதுவும் கறுப்பு உலோகத்தில் வெட்டிய கறுப்பு எழுத்து. இதுதான் இந்தக் கருவியின் முதல் குறை, என் வரையில் பெரிய குறையும் இதுதான். புதிதில் பெட்டியில் எந்தப் பக்கம் வைத்து அனுப்பியிருக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் இருக்கும். அடிப்பதற்கு முன் வேறொரு சாதாரணத் திருகில் மெதுவாகத் தட்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திசையை மாற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன்: சும்மா பிடித்துக்கொண்டு அடிக்கக் கூடாது. கழற்ற வேண்டிய திசையில் உருளையை முன்கூட்டியே முறுக்கி, அந்த முறுக்கு தளராமல் வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சின்ன லூஸ் இருக்கிறது. முறுக்கி வைக்காவிட்டால் அடியின் பாதி அந்த லூஸை எடுப்பதிலேயே போய்விடும்.

நாலாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை ‘டங், டங்’ என்று கணீரென்று திரும்பி வந்த அடி, திடீரென்று ‘டொக்’ என்றது. காதால்தான் முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். திருகின் ஓரத்தில் துருத் தூள் ஒரு பிறை மாதிரி உதிர்ந்திருந்தது. அதற்கு மேல் சாதாரண டிரைவரிலேயே கழன்று வந்தது. அந்த ‘டொக்’கைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது திருகில் பெட்டியோடு வந்த பிட்டின் ஒரு இறக்கை உடைந்து தெறித்தது. சின்னத் துண்டுதான், நெல்லில் பாதி இருக்கும். கண்ணாடி போட்டிருந்ததால் கன்னத்தில் பட்டதோடு போயிற்று. இந்தக் கருவியை யார் கையில் எடுத்தாலும் கண்ணுக்குக் கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள். உருளைக்கு நான் நல்ல மார்க் போடுவேன். அதோடு வந்த பிட்டுகளுக்குப் பூஜ்யம். ஒன்று உடைகிறது, இன்னொன்று முறுக்கிக்கொள்கிறது. தனியாக நல்ல எஃகில் பிட் வாங்குங்கள். அடாப்டரின் குழி 8 மி.மீ. அறுகோணம், அதற்குப் பொருத்தமானது எளிதாகக் கிடைக்கிறது.

பிட் வாங்கும்போது ஒரு வினாடி நின்று யோசியுங்கள். ஸ்டார் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது உண்மையில் ஒரே சாதி இல்லை. 1930களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்குள் வந்தது பிலிப்ஸ். ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்கிற அவர்கள் ஊர் அளவு. மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் பிலிப்ஸ் நுனி ஜே.ஐ.எஸ். குழியில் அடிவரை உட்காராது, மேலேயே தொக்கி நிற்கும். தொக்கி நிற்பதைத் திருப்பினால் சீவும். திருகின் தலையில் ஒரு குட்டிப் புள்ளி குத்தியிருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்று எடுத்துக்கொள்ளலாம், எல்லாத் திருகிலும் புள்ளி இருக்காது. நான் ஜே.ஐ.எஸ். பிட்டுக்கு மாறிய பிறகு, அடிக்காமலே கழன்ற திருகுகள் பாதிக்குப் பாதி. இத்தனை வருஷம் திருகின் மேல் போட்ட பழியில் பெரும் பங்கு என் டிரைவரின் மேல் போட வேண்டியது. நம்பரும் முக்கியம். டிஸ்க் திருகுக்கு 3-ஆம் நம்பர். கையில் 2 இருக்கிறதே என்று அதைச் செருகினால் லொடலொடவென்று ஆடும். அதை வைத்துத் திருப்புவதும் மொட்டை போடக் கத்தியைத் தீட்டுவதும் ஒன்று.

சுத்தியல். நான் முதலில் எடுத்தது ஆணி அடிக்கிற சுத்தியல். அதை வைத்து நாள் முழுக்கத் தட்டலாம், உருளையின் ஸ்பிரிங்கோடு விளையாடலாம், திருகு திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு கிலோவுக்குக் குறையாத, குட்டைப் பிடி போட்ட சம்மட்டி வேண்டும். வேகமான பத்து அடியைவிடக் கனமான இரண்டு அடி மேல். தயங்கித் தயங்கி அடித்தால் பிட் குழியில் ஆடி, வேலை இன்னும் கெடும்.

எங்கே இது கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மொட்டை என்றேனே, அது மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடித் திருகு. 4 மி.மீ. திருகு இரண்டு. பிரேக் ஆயில் மாற்றலாம் என்று உட்கார்ந்து, தப்பான டிரைவரால் ஒன்றை வழித்துவிட்டேன். அதற்காகத்தான் இம்பாக்ட் டிரைவரே வாங்கினேன். வாங்கி வந்து அடித்தால், ஹேண்டில்பார் அதிர்கிறது, முன் ஃபோர்க் அமுங்குகிறது, வண்டியே தலையை ஆட்டுகிறது. அடி எல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது, திருகுக்குப் போய்ச் சேரவே இல்லை. பின்னால் முட்டுக் கொடுக்க ஏதாவது திடமாக இருந்தால்தான் இந்தக் கருவி வேலை செய்யும். ஆடுகிற பொருள், மெல்லிய பொருள், ரப்பரில் உட்கார்ந்த பொருள் எதற்கும் இது ஆகாது. அதுவும் அந்தக் கிண்ணம் அலுமினியம். இரண்டு அடி கூட அடித்திருந்தால் காது உடைந்து மொத்தமாகவே மாற்றியிருக்க வேண்டும்.

அந்தத் திருகைக் கடைசியில் எடுத்தது இடது சுழி டிரில் பிட். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அவ்வளவு நல்ல சாமான். சாதாரண டிரில் பிட்டின் சுழி வலது பக்கம். துளை போடப் போட திருகை இறுக்கும். இடது சுழி பிட்டை டிரில்லை ரிவர்ஸில் ஓடவிட்டுப் போட வேண்டும். அதன் இழுப்பு கழற்றுகிற திசையில். துளைக்கும் சூடும் அதிர்வும் சேர்ந்துகொள்ளும்போது பாதித் துளைக்குள்ளேயே திருகு பிட்டைக் கவ்விக்கொண்டு சுழன்று வெளியே வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, 2.5 மி.மீ. பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டினேன். ஐந்தாறு சுற்று சுருள் சுருளாகத் தூள் வந்தது. பிறகு ஒரு ‘கிர்ரிக்’. திருகு பிட்டோடு ஒட்டிக்கொண்டு கையில் வந்து நிற்கிறது. (கிண்ணத்துக்குள் இரும்புத் தூள் விழாமல் சுற்றிலும் ஈரத்துணி. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், டாங்க்கையும் மூடிவிடுங்கள்.)

அடுத்த தோல்வி இதைவிடப் பெரியது, அதற்கு இம்பாக்ட் டிரைவர் பொறுப்பு இல்லை. சைலன்ஸரைச் சிலிண்டரோடு பிடிக்கும் 8 மி.மீ. ஸ்டட் (தலை இல்லாமல் மரை மட்டும் உள்ள கம்பி) ஒன்று வேரோடு முறிந்தது. தலையே இல்லாத இடத்தில் டிரைவர் எதைப் பிடிக்கும்? நான் எடுத்தது ஈஸி அவுட். பெயரைப் பார்த்து யாரும் ஏமாறாதீர்கள். முறிந்த ஸ்டட்டின் நடுவே துளை போட்டு, கூம்பான, எதிர்ச்சுழி வெட்டிய இந்த எஃகுக் குச்சியை உள்ளே திருப்பினால் அது கடித்துக்கொண்டு ஸ்டட்டை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கூம்பு உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை விரிக்கிறது. விரிந்த ஸ்டட் மரையை இன்னும் நெருக்குகிறது. ஈஸி அவுட்டோ கண்ணாடி மாதிரி: கடினம் ஜாஸ்தி, வளைவு கிடையாது. பட்டென்று உள்ளேயே முறிந்தது. இப்போது முறிந்த ஸ்டட்டுக்குள் முறிந்த ஈஸி அவுட். சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஒரு கீறல்கூடப் போடாது.

பக்கத்து வீட்டு மாமா ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதை யாருப்பா உள்ள விட்டது?”

“நான்தான் மாமா.”

“ஸ்டட்டை மட்டும் முறிச்சிட்டு எங்கிட்ட வந்திருந்தா, அது மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு பண்ணி, அந்தச் சூட்டோடயே ஸ்பேனர் போட்டுக் கழட்டிக் குடுத்திருப்பேன். இப்ப ஸ்பார்க் எரோஷன்ல போட்டுத்தான் தின்னவிடணும்.”

தீப்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் எந்திரம் அது. அவருக்குத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்து வந்தார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சூட்டைப் பற்றி மாமா சொன்னது என் மற்ற வேலைகளுக்கும் உதவியது. எஞ்சினின் சைடு கவரில் இருக்கும் திருகுகள் எஃகு, கவர் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கணக்குப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா, போட்டுப் பார்த்தேன்: 6 மி.மீ. துளையை 100 டிகிரி சூடாக்கினால் திருகுக்கும் துளைக்கும் விரிவில் உள்ள வித்தியாசம் 0.0066 மி.மீ. தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் துருவும் அலுமினிய உப்பும் சேர்ந்து பிடித்திருக்கும் பிடி விடுவதற்கு அந்தச் சந்து போதும். எண்ணெய் உள்ளே ஊறவும் போதும். ஹீட் கன்னால் கவரைச் சுற்றிக் காட்டிவிட்டு, இம்பாக்ட் டிரைவரால் கனமில்லாமல் இரண்டு தட்டுத் தட்டினால் பத்துத் திருகில் ஒன்பது அசைந்துவிட்டது. பத்தாவது, மொட்டை. அதன் தலையை மட்டும் டிரில்லால் சீவி எடுத்துவிட்டேன். தலை போனதும் இறுக்கமும் போய்விடும்; கவரைத் தூக்கிவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த கட்டையை லாக்கிங் பிளையரால் பிடித்தால் கையாலேயே சுற்றி வந்துவிட்டது. இத்தனை நேரம் மல்லுக்கட்டிய ஆளா இவன் என்று தோன்றும்.

மரைக்குப் பசை போட்டிருந்தாலும் சூடுதான் வழி. நிரந்தரப் பிடிப்புக்கான சிவப்பு வகைப் பசை இளக 250 டிகிரி அளவுக்குச் சூடு கேட்கும். அந்த இடத்தில் அடித்து அடித்து ஜெயிக்க முடியாது. ஆனால் எங்கே சூடு காட்டக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: பெட்ரோல், பிரேக் ஆயில், ரப்பர் சீல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தெளித்த இடத்தில் உடனே தீ காட்டுவதும் அப்படித்தான். பிரேக் கிளீனர் தெளித்துவிட்டு அந்த ஈரத்தோடு சூடாக்கினால், குளோரின் கலந்த வகையாக இருந்தால் விஷவாயு வரும்.

துரு எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நீலமும் மஞ்சளுமான டப்பாவில் எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40 முதலில் செய்யப்பட்டது 1953-ல், ஈரத்தை விரட்டுவதற்கு. 40-ஆவது கலவையில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். லேசான துருவுக்கு நான் அதைத்தான் அடிக்கிறேன். வருஷக்கணக்கில் இறுகியதற்கு, ஊடுருவும் எண்ணெய் என்றே விற்பதை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுகிறேன். எண்ணெயைவிட முக்கியம் அந்த ராத்திரி. விட்டவுடனே ஸ்பேனரை எடுப்பவர்கள் எந்த எண்ணெய் விட்டாலும் ஒன்றுதான்.

ஆலன் போல்ட்டுக்கு (தலையில் அறுகோணக் குழி உள்ளது) இந்த உருளையோடு ஆலன் பிட்டும் போட்டுப் பார்த்தேன். குழி நன்றாக இருக்கும்வரை அருமை. உருண்டுவிட்டால் ஆலன் பிட்டால் பிரயோஜனம் இல்லை. 5 மி.மீ. ஆலன் குழி உருண்டுபோனால் டி-30 டார்க்ஸ் பிட்டை அதில் சுத்தியலால் அடித்து இறக்கி, பிறகு உருளையை மாட்டுங்கள். டார்க்ஸின் ஆறு முனையும் குழியின் சுவரில் தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். பிரேக் கேலிப்பர் போல்ட் ஒன்று இப்படித்தான் வந்தது. அந்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள், புதுசு போடுங்கள். சாக்கெட் போடுவதாக இருந்தால் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். பளபளக்கும் குரோம் சாக்கெட் அடிக்கு வெடிக்கும்.

இன்னும் இரண்டு மூன்று குறை. பிடிக்க ரப்பர் எதுவும் இல்லை, எண்ணெய்க் கையில் உருளை வழுக்குகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன். கட்டைவிரலுக்கு மேல் ஒரு தட்டு இருந்திருந்தால் சம்மட்டி நழுவும்போது கை தப்பிக்கும். என்னுடையதில் இல்லை, ஒரு நகம் கறுத்துப்போய் இரண்டு மாசம் ஆனது. வருஷம் ஒரு தடவை பிரித்து கிரீஸ் வைக்காவிட்டால் தண்டு பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அப்போது அது இம்பாக்ட் டிரைவர் இல்லை, வெறும் உளி.

பேரிங் பக்கத்தில் அடிப்பதைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஹப்பில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் வீல் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. நான் எனக்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறேன், ஒரு திருகுக்குப் பத்து அடி. பத்தில் அசையவில்லையென்றால் கீழே வைத்துவிட்டு, தலையைச் சீவுகிற வழிக்குப் போய்விடுவேன். எஞ்சினின் கிராங்க் தண்டு மேல் இருக்கும் எதையும் இதால் அடிக்க மாட்டேன்.

யாருக்கு வேண்டும்? பழைய வண்டி வைத்திருந்து, ஸ்டார் திருகு உள்ள எதையாவது சொந்தமாகக் கழற்றுகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் திருகு கெடுவதற்கு முன்னால். எல்லாமே போல்ட்டும் நட்டும்தான் என்றால் இதை விட்டுவிட்டு ஆறு முனை சாக்கெட் நல்லதாக ஒரு செட் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் வாய் விரிந்த ஸ்பேனரும்தான் நட்டுகளின் மூலையைத் தின்பவை. ஏற்கெனவே மொட்டை விழுந்த திருகு என்றால் இதோடு இடது சுழி டிரில் பிட் செட்டும் சேர்த்து வாங்குங்கள். ஈஸி அவுட் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

உருளைக்கு ஐந்துக்கு நாலரை. பிட்டுகளோடு சேர்த்து ஒரே பொருளாக மார்க் போடச் சொன்னால் மூன்றுக்கு மேல் தர மாட்டேன்.

போன மாசம் அதே டிஸ்க்கை மறுபடி கழற்ற வேண்டி வந்தது. முந்தின தடவை புதுத் திருகு போட்டு, மரையில் செம்பு கிரீஸ் லேசாகத் தடவி, மேனுவல் அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே இறுக்கியிருந்தேன். இந்தத் தடவை இம்பாக்ட் டிரைவரைப் பக்கத்தில் எடுத்து வைத்தேனே தவிர, தேவைப்படவே இல்லை. பிஸ்கட் டப்பாவில் திரும்ப வைக்கும்போதுதான் கவனித்தேன்: உருளையின் பக்கத்தில், அந்தப் பருக்கை எழுத்துக்கு மேலேயே, சிவப்பு நகப்பூச்சில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு அம்புக்குறி. கீழே மகளின் கையெழுத்தில் ‘கழட்ட இந்தப் பக்கம்’.